நாத்தனார் பின்னிய பூந்தொட்டி

பல் கிளினிக்கில் எல்லோரும் அவளை மைனா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, நாற்பதைத் தாண்டிய பிறகும் அது அவளை விடவில்லை. வாய் ஓயாத ஜென்மம். வரவேற்பு மேஜைக்கு அப்படிப்பட்ட வாய் தேவையாகத்தான் இருந்தது. பல் பிடுங்க வருகிறவர்கள் பாதி உயிரை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்களிடம் வெயிலைப் பற்றி, பஸ் கூட்டத்தைப் பற்றி, மேல்மாடியில் நாள் முழுக்கச் சுவரைத் துளைக்கிறவனைப் பற்றி எதையாவது அளந்துகொண்டே இருப்பாள். பயம் கொஞ்சம் தெளிந்ததும் உள்ளே அனுப்பிவைப்பாள். ஆறு வருஷமாக இதுதான். ஆனால் இதை ஒரு வேலை என்று யாரும் எண்ணியதில்லை. "மைனா, வாயைக் கொஞ்சம் மூடிட்டு அந்த ஃபைலை எடுங்க" என்பார் டாக்டரம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

வீட்டில் அவளுக்கு நேர்மாறாக ஒருத்தி வந்து சேர்ந்திருந்தாள். புருஷனின் தங்கை. வீட்டில் சின்னு என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தெட்டு. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை ஏழு வருஷம் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டவள். அம்மா போனதும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு சூட்கேஸும் ஒரு துணிப்பை நிறைய உல்லன் நூலுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மைனாவின் மகன் ஹாஸ்டலில் படித்ததால் அவன் அறை காலியாக இருந்தது. அந்த அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். வந்து நாலு மாசமாகியும், அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பது குழாயைத் திறக்கும் சத்தத்தில்தான் தெரியும்.

"உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடுது" என்று மைனா புருஷனிடம் சொல்வாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீ பேசிடறியே, அப்புறம் அவ எதுக்குப் பேசணும்?" என்பான் அவன்.

சின்னு கையில் எப்போதும் ஒரு குரோஷா ஊசி இருக்கும். இடக்கைக்காரி. தலையில் சின்னதாய் ஒரு கொக்கி உள்ள அந்த ஊசி நூலைக் கவ்வி இழுத்து, கவ்வி இழுத்துப் போகும். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலை. அம்மாவுக்குக் கால் உறை, முதுகுக்கு ஒரு சால்வை என்று பின்னிக்கொண்டிருந்தவள், இங்கே வந்த பிறகு யாருக்காகப் பின்னுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். அப்புறம் ஒரு நாள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து மைனாவின் முன்னால் வைத்தாள்.

செங்கல் நிறத்தில் தொட்டி. வாய்விளிம்பு மடிந்து, நிஜத் தொட்டி போலவே இருந்தது. உள்ளே காப்பிப்பொடி நிறத்தில் மண். அதிலிருந்து பச்சை நூல் சுற்றிய கம்பித் தண்டு ஒன்று லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உச்சியில் மஞ்சள் நடுவோடு ஐந்து வெள்ளை இதழ்கள். தண்டின் அடியில் இரண்டு இலை.

"அடியில ஒரு கூழாங்கல்லு வச்சிருக்கேன். விழாது" என்றாள் சின்னு. "உங்க மேஜைல வச்சுக்கங்க அண்ணி."

அந்த நாலு மாசத்தில் அவள் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. மைனா அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், கிளினிக்கில் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்கு நேரம் சரியில்லை. பத்தரை மணிக்கு இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் வந்து, இரண்டு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "பேசற நேரத்துல பாதியை நோட்டைப் பாக்கறதுல செலவழிச்சா என்ன?" என்று கேட்டார். கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெண் கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மைனாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் டாக்டரம்மா கையைத் துடைத்தபடி வந்தார். பூந்தொட்டியைப் பார்த்தார். எடுத்தார். தொட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், இதழை விரலால் தடவினார்.

"எவ்ளோ நுணுக்கமா இருக்கு! யார் பண்ணது?"

காலையில் கத்திய அதே முகம்தானா என்று இருந்தது மைனாவுக்கு. ஆறு வருஷத்தில் அந்தக் கண்கள் அவளை அப்படி ஒரு ஆவலோடு பார்த்ததில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நான்தான், டாக்டர்."

"நீங்களா?" டாக்டரம்மா அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மைனா, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கறது தெரியவே தெரியாதே!"

சொன்னதை மாற்றிச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், என் நாத்தனார் பண்ணது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். எதை எதையோ பேசித் தீர்க்கிற வாய், அன்றைக்குப் பார்த்து அழகாக மூடிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ஒரு பை நிறைய நூலை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறவர்களுக்கு எதிரே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் விளிம்பில் எட்டு பூந்தொட்டிகள் வரிசையாக வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். "வலியில இருக்கறவங்க பாக்கறதுக்கு ஒண்ணு வேணும் இல்லையா?" என்றார்.

மைனா அந்தப் பையை அப்படியே கொண்டுபோய்ச் சின்னுவின் மடியில் வைத்தாள்.

"கிளினிக்ல கேக்கறாங்க. எட்டு வேணுமாம்."

சின்னு நிமிர்ந்து பார்த்தாள். "நான் பண்ணதையா?"

"ஆமா."

"டாக்டர் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"நல்லா நுணுக்கமா இருக்குன்னாங்க." அதுவரைக்கும் உண்மைதான்.

சின்னு அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று குளிக்கும்போது உள்ளே அவள் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. "என்ன, தங்கச்சி பாடறா?" என்று புருஷன் ஆச்சரியப்பட்டுப் போனான். மைனா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எட்டும் ஜன்னலில் ஏறின. ஊதா, ஆரஞ்சு, ரோஸ், இரண்டில் மொட்டு மட்டும். வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். டாக்டரம்மா எல்லோரிடமும் மைனாவைக் கைகாட்டினார். மைனாவின் நடையே மாறிவிட்டது. திட்டும் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் டாக்டரம்மா சொன்னார்: "வர மாசம் முதல் சனிக்கிழமை மத்தியானம் நமக்கு நோயாளிங்க இல்ல. எனக்கும் இந்தப் பொண்ணுங்களுக்கும் நீங்க சொல்லிக் குடுங்களேன்."

குரோஷா ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று கூட அவளுக்குத் தெரியாது. மூன்று வாரம் இருந்தது.

அன்று சாயங்காலம் சின்னுவின் அறைக்குப் போய் வாசலில் நின்றாள். "எனக்கும் கத்துக்குடேன் சின்னு. வெறும் வாயை வச்சுட்டு உக்காந்திருக்கேன், கைக்கும் ஒரு வேலை இருக்கட்டும்."

சின்னுவின் முகம் மலர்ந்ததை மைனா பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மைனா வலக்கைக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. சின்னு இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். "எனக்கு எதிர்ல உக்காருங்க அண்ணி. கண்ணாடியில உங்களையே பாக்கற மாதிரி பாருங்க. என் இடக்கை என்ன பண்ணுதோ அதை உங்க வலக்கையில பண்ணுங்க." முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. தட்டையாக ஒரு வட்டம் வந்ததும், கண்ணியின் பின்பக்க நூலில் மட்டும் ஊசியை விட்டு ஒரு சுற்று சுற்றினால் விளிம்பு தானாக மேலே எழும்பி, தொட்டிக்குச் சுவர் கிடைத்துவிடும்.

மைனாவுக்குச் சுவர் எழும்பவில்லை. அப்பளம் போல நெளிந்தது. அவிழ்த்தாள், பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள்.

"இவ்ளோ இறுக்காதீங்க அண்ணி, அடுத்த சுத்துல ஊசி நுழையாது."

"நூலும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது பாரு. வீட்டுல ஒருத்தர் கேக்கலைன்னா பரவாயில்ல, உல்லன் கூடவா?"

சின்னு சிரித்தாள். வாயை மூடாமல், பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அவளுக்கு இடது பக்கம் ஒரு தெற்றுப்பல் இருப்பதே மைனாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் நாற்காலிகள் தாமாகவே எதிரெதிரே வந்துவிடும். சுற்று தொடங்கிய இடத்தை மறக்காமல் இருக்கச் சின்னு அங்கே ஒரு சேஃப்டிபின்னைக் குத்திவைப்பாள். எண்ணிக்கொண்டே பேசுவாள். அம்மாவின் கடைசி மாசங்களைப் பற்றிச் சொன்னாள். அம்மாவுக்குப் பெயர்கள் எல்லாம் மறந்துபோய், தன்னை நர்ஸ் என்று நினைத்து, "உனக்கு வீடு எங்கம்மா, நேரமாச்சே, போகலையா?" என்று தினமும் அக்கறையாகக் கேட்டதைச் சொன்னாள். அதை அவள் அண்ணனிடம் கூடச் சொன்னதில்லை. மைனா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் சில நாட்கள் அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் அவள் கற்றுக்கொண்டாள். அப்புறம் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும்போதே கால் வேகமாக நடந்தது. அந்த நாட்களிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். இந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று தினமும் தள்ளிப்போட்டாள்.

சனிக்கிழமை எப்படியோ கரையேறிவிட்டாள். இரண்டு இடத்தில் கண்ணியைத் தவறவிட்டதைப் பேச்சாலேயே மூடி மறைத்தாள். டாக்டரம்மாவின் வட்டம் தொப்பி மாதிரி வந்தது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் சின்னுவுக்குப் பல்வலி வந்தது. கடைசிக் கடைவாய்ப்பல் வெளியே வர இடமில்லாமல் ஈறைக் குத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது.

"உன் கிளினிக்குக்கே கூட்டிட்டுப் போயேன்" என்றான் புருஷன்.

"எங்க டாக்டருக்குக் கை கொஞ்சம் கனம்" என்றாள் மைனா அவசரமாக. "மார்க்கெட் பக்கம் ஒருத்தர் இருக்காரு, நல்லாப் பாப்பாராம்."

"ஆறு வருஷமா கை பூ மாதிரின்னு சொல்லிட்டிருந்தியே?"

மைனா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவனே தங்கையைக் கொண்டுவந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

டாக்டரம்மா சின்னுவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நாற்காலியில் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, நாக்கு தடிக்கும்வரை காத்திருந்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு வந்த மைனா கதவோரம் நின்றாள். சின்னுவின் கண் எதிர் ஜன்னலில் இருந்தது. தன் தொட்டிகள் எட்டும் வெயிலில் வரிசையாக நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். வீங்கிய கன்னத்தோடு, அவள் கண் மட்டும் சிரித்தது.

"அதைத்தான் பாக்கறீங்களா?" என்றார் டாக்டரம்மா. "பாருங்க, பாருங்க. அதுக்குத்தான் வச்சிருக்கேன். எல்லாம் உங்க அண்ணி கைவேலை. போன வாரம் எங்களுக்கு வகுப்பு கூட எடுத்தாங்க. வீட்டுல உங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்களா?"

வாய்க்குள் கண்ணாடியும் உறிஞ்சுகுழாயும் இருந்தன. நாக்கு மரத்துக் கிடந்தது. சின்னு நினைத்தாலும் அப்போது ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. அவள் பார்வை ஜன்னலிலிருந்து மெல்ல நகர்ந்து கதவுக்கு வந்தது. மைனாவின் முகத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று மைனாவால் சொல்ல முடியாது.

பிறகு சின்னு, ஆமாம் என்று தலையசைத்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சின்னு பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. மைனா சாலையைப் பற்றிப் பேசினாள், மாத்திரையைப் பற்றிப் பேசினாள், ஐஸ் வைப்பதைப் பற்றிப் பேசினாள். வீடு வந்ததும் சின்னு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பஞ்சை எடுத்த பிறகும் அவள் எதுவும் கேட்கவில்லை. வீக்கம் வடிந்த பிறகும் கேட்கவில்லை. "சாயங்காலம் உக்காரலாமா?" என்று மைனா ஊசியோடு போய் நின்றபோது, "கண்ணு வலிக்குது அண்ணி" என்றாள். அதற்கடுத்த நாளும் கண் வலித்தது. எதிரெதிரே கிடந்த நாற்காலிகளில் ஒன்று சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பிப் போயிற்று.

பத்து நாள் அப்படியே போனது. மைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலை, நோயாளிகள் வருமுன் டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்று, மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலையே போனாலும் போகட்டும் என்ற முடிவோடுதான் போயிருந்தாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அடடா. அன்னைக்கு அந்தப் பொண்ணு தலையாட்டுச்சே!" என்றார். "சரி விடுங்க. நல்லாப் பண்றாங்க. அடுத்த வகுப்புக்கு அவங்களையே வரச் சொல்லுங்க." கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புருஷனிடம் சொன்னபோது அவனும், "ஒரு பொம்மைப் பூவுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றான்.

அது பூ விஷயம் இல்லை என்று தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர்தான்.

சின்னு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மைனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எல்லாம் நீ பண்ணதுன்னு. வகுப்புக்கு உன்னையே வரச் சொன்னாங்க."

"எதுக்கு அண்ணி சொன்னீங்க? நான் ஒண்ணும் கேக்கலையே."

"நான் பண்ணது தப்பு சின்னு. உன் பேரைச் சொல்லியிருக்கணும்."

"பேரு என்ன பேரு." சின்னு ஒரு துண்டை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "உங்க பேர்ல இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க கேட்டிருந்தா, நானே அப்படிச் சொல்லிக்கங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா அந்த மூணு வாரம்..." துண்டைக் கீழே வைத்தாள். "நீங்க என்கூட உக்கார ஆசைப்பட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். அம்மாவைப் பத்தியெல்லாம் சொன்னேன்."

"ஆசைப்பட்டுத்தான் வந்தேன்டி. மொதல்ல வேணா வேற எதுக்கோ வந்திருக்கலாம். அப்புறம் சத்தியமா உனக்காகத்தான் வந்தேன்."

அது உண்மை. அவள் வாழ்க்கையில் சொன்ன எதையும் விட உண்மை. ஆனால் அதைச் சொல்லி முடித்தபோது, தன் குரல் நோயாளிகளைச் சமாதானப்படுத்துகிற குரல் மாதிரியே இருந்தது அவள் காதுக்கு. சின்னுவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

"சரி அண்ணி" என்றாள் அவள், மரியாதையாக.

இரண்டு மாசத்தில் சின்னு வேலை தேடிக்கொண்டாள். வேறு ஊரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி. புது டிசைனுக்கு முதல் மாதிரியைக் கையால் பின்னிக் காட்டும் பிரிவு. தங்குவதற்குப் பெண்கள் விடுதி. அண்ணன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். மைனா வாயைத் திறக்கவில்லை. என்ன உரிமையில் போகாதே என்பது? பஸ் ஏற்றிவிடப் போனபோது தண்ணி பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். "நீங்களும் அண்ணி" என்றாள் சின்னு. பஸ் போய்விட்டது.

அவள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு அரைமணி நேரம் போனில் பேசுகிறாள். அண்ணியைக் கேட்டதாகத் தவறாமல் சொல்லச் சொல்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். வரும்போது மைனாவுக்கு ஒரு நல்ல துணி எடுத்துவருவாள். ஒரு குறை சொல்ல முடியாது.

போன தடவை வந்தபோது விடுதியில் கூட இருக்கும் ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். சாயங்காலம் மைனா மூன்று பேருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே சின்னுவின் குரல் கேட்டது. மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கம்பெனி மேஸ்திரி எப்படி நடப்பார், அவர் செல்போனில் எப்படிக் கத்துவார் என்று நடித்துக் காட்டினாள். அந்தப் பெண், "ஐயோ போதும், வயிறு வலிக்குது" என்று கெஞ்சினாள். சின்னுவும் சிரித்தாள். எப்படிச் சிரிக்கிறாள் என்று மைனாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

தட்டோடு அங்கேயே நின்றாள். டீயில் ஆடை படியத் தொடங்கியது. சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்து, பிறகு முழங்கையால் கதவைத் தள்ளினாள்.

சின்னு எழுந்து நின்றாள். கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். "வாங்க அண்ணி, உக்காருங்க. நாங்க சும்மா ஏதோ பேசிட்டிருந்தோம்."

அந்தப் பெண்ணும் புடவையைச் சரி செய்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்தாள். மைனா இருவருக்கும் டம்ளரைக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்கள். அப்புறம் இருவரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.

"அடுப்புல வேலை கிடக்கு, நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை முன்பிருந்த மாதிரியே பாதி சாத்திவிட்டுப் போனாள்.